‘அஞ்சு நிமிஷத்துல வரேன் சார்!’

பழைய பொருளை விற்கவும் வாங்கவும் ஆளுக்கொரு சந்தை கைக்குள் வந்துவிட்டது. சந்தையோடு வரவேண்டிய மரியாதைதான் இன்னும் வந்து சேரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணியிலிருந்தே எங்கள் ஹாலின் நடுவில் ஃபிரிட்ஜ் நின்றுகொண்டிருந்தது. முதல் நாள் இரவே பிளக்கைப் பிடுங்கி, ஐஸ் உருகக் கதவைத் திறந்து வைத்து, அடியில் சாக்கு விரித்தாயிற்று. பால், தயிர், இட்லி மாவு மூன்றும் எதிர்வீட்டு ஃபிரிட்ஜில் அடைக்கலம். கதவு ரப்பரில் படிந்திருந்த கறுப்பை என் மனைவி எலுமிச்சைத் தோலால் தேய்த்தே எடுத்துவிட்டார். எங்களோடு இருந்த ஒன்பது வருடத்தில் அது அவ்வளவு சுத்தமாக இருந்து நான் பார்த்ததில்லை.

நாலு மணிக்கு வருவதாகச் சொன்ன தம்பி 4.20-க்கு, “கிளம்பிட்டேன் சார், லொகேஷன் போடுங்க” என்றார். போட்டேன். ஐந்தேகாலுக்கு, “பக்கத்துலதான் சார், அஞ்சு நிமிஷத்துல வரேன்” என்று செய்தி வந்தது. ஐந்தே முக்காலுக்கு நான் அழைத்தபோது மணி அடித்து ஓய்ந்தது. ஆறேகாலுக்கு அழைத்தபோது ஒரே மணியில் கட்டானது. ஆறரைக்கு மனைவி சாமி விளக்கேற்றிவிட்டு வந்து தீர்ப்புச் சொன்னார்: “இனிமே வந்தாலும் குடுக்க வேண்டாம். விளக்கு வெச்சாச்சு.”

அவருக்கு அந்தச் சிரமத்தைத் தம்பி கொடுக்கவில்லை. வரவே இல்லை. இட்லி மாவு எதிர்வீட்டில் இன்னும் ஓர் இரவு தங்கியது.

இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு இப்படி ஒரு ஞாயிறு வாய்த்திருக்கும். மீதிப் பேர் அந்தத் தம்பியாக இருந்திருப்பார்கள். நான் இரண்டு பக்கமும் நின்றவன் என்பதால் யாரையும் கூண்டில் ஏற்ற வரவில்லை. ஆனால் ஒரு சந்தேகம் மட்டும் அன்றிலிருந்து விடவில்லை: ஒரு வாரமாக வார்த்தைக்கு வார்த்தை ‘சார்’ போட்ட மனிதரால், ‘வேண்டாம்’ என்ற ஒரு வார்த்தையை ஏன் சொல்ல முடியவில்லை?

‘வரேன்’ என்றால் என்ன அர்த்தம்?

விடைபெறும்போது ‘போறேன்’ என்று சொன்னால் நம் வீடுகளில் பெரியவர்கள் பதறுவார்கள். ‘போயிட்டு வரேன்’தான். துணிக்கடையில் இருபது சேலையைப் பிரித்துப் போடச் சொல்லிவிட்டு எழுகிறவர், ‘பிடிக்கவில்லை’ என்று முகத்துக்கு நேரே சொல்வதில்லை. “பார்த்துட்டு வரோம்” என்பார். திரும்பி வரப்போவதில்லை என்று அவருக்கும் தெரியும், சேலையை மடிக்கிற பையனுக்கும் தெரியும். யாரும் அதைப் பொய் என்று எண்ணுவதில்லை. மறுப்பை வலிக்காமல் சொல்ல நாம் கண்டுபிடித்த வழி அது.

கடைக்கு அது பொருந்தும். கடை எப்படியும் இரவு ஒன்பது வரை திறந்திருக்கும். அடுத்த ஆள் படியேறுவார். வீட்டிலிருந்து விற்கிறவருக்கு அப்படி இல்லை. ஒருவர் ‘வரேன்’ என்றதும் மற்ற மூன்று பேருக்கு ‘கொடுத்தாச்சு’ என்று பதில் போட்டுவிடுகிறார். அலுவலகத்தில் அனுமதி கேட்கிறார், கல்யாண வரவேற்புக்குப் போகாமல் உட்கார்ந்திருக்கிறார். கடையில் பண்பாக இருந்த அதே சொல் வீட்டு வாசலில் அவமதிப்பாகிவிடுகிறது. சொல் மாறவில்லை, அது விழுகிற இடம் மாறிவிட்டது.

விற்பவர்களுக்கும் ஒரு ‘வரேன்’ உண்டு. அதன் பெயர் ‘வாங்க சார், வெச்சிருக்கேன்’. மகனுக்காக ஒரு சைக்கிள் பார்த்து, விலை பேசி முடித்து, தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி, பீச் ஸ்டேஷனில் மாறி, திருவொற்றியூரில் இறங்கி, அழைத்தேன். “ஐயோ, காலைலயே ஒருத்தர் வந்து கையில காசு குடுத்து எடுத்துட்டுப் போயிட்டாரே!” என்றார் அந்த அம்மா. குரலில் வருத்தம் இருந்தது, உண்மையான வருத்தம்தான். ஆனால் காலை பத்து மணிக்கு எனக்கு ஒரு போன் போட அந்த வருத்தம் போதவில்லை. திரும்பி வரும் ரயிலில் மகன் ஜன்னலைப் பார்த்தபடியே வந்தான்.

துண்டுக்கு அடியில் இருந்த மரியாதை

பேரம் பேசுவதையே அநாகரிகம் என்று சிலர் நினைக்கிறார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. மணப்பாறை மாட்டுச் சந்தையை எண்ணிப் பாருங்கள். விற்பவர் கையையும் வாங்குபவர் கையையும் ஒரு துண்டு மூடியிருக்கும். உள்ளே விரலைப் பிடித்துத்தான் விலை. எத்தனை விரல், எந்த மடிப்பு என்பது அவர்களுக்கும் தரகருக்கும் மட்டும் தெரியும். அடிமாட்டு விலைக்குக் கேட்டாலும் அது துண்டுக்கு அடியிலேயே முடிந்துவிடும். சுற்றி நிற்பவர்கள் முன்னால் மாட்டுக்காரர் முகம் சுருங்க வேண்டியதில்லை. விரல் ஒத்துப்போனால் அச்சாரம் கைமாறும். அதற்குப் பிறகு பின்வாங்கினால் அடுத்த வாரம் அதே சந்தையில் அதே முகத்தோடு நிற்க முடியாது.

இன்றைய கைபேசிச் சந்தைக்கு அந்தச் சந்தையின் பேரம் மட்டும் வந்து சேர்ந்தது. துண்டும் அச்சாரமும் அடுத்த வாரமும் வரவில்லை. முகநூல் குழுவில் ஒருவர் கட்டில் படம் போட்டால், கீழே எல்லோரும் பார்க்க, “ஓவர் ரேட்”, “இதுக்குப் புதுசே வாங்கிடலாம்” என்று எழுதுகிறார்கள். இவர்களில் பலருக்குக் கட்டில் வேண்டாம். போகிற வழியில் ஒரு கல்.

என் ஃபிரிட்ஜுக்கு நான் போட்ட விலை 7,500 ரூபாய். முதல் செய்தி: “2000 ஓகேவா”. கேள்விக்குறிகூட இல்லை. இரண்டாவது: “லாஸ்ட் எவ்ளோ?” பொருளைப் பார்க்காமல், ஓடுகிறதா என்று கேட்காமல், கடைசி விலையில்தான் பேச்சே தொடங்குகிறது. இது நம் ஊர்ச் சங்கதி மட்டும் என்று வெட்கப்பட வேண்டாம். ஜெர்மனியில் இதே ‘கடைசி விலை என்ன’ என்ற அரைகுறை வாக்கியம் ஊரறிந்த நகைச்சுவையாகிவிட்டது. ஜப்பானின் மெர்காரி செயலியில் விலை குறைக்கச் சொல்கிறவர், ‘குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும்’ என்று தொடங்குவது வழக்கம். மன்னிப்புக் கேட்டுவிட்டு அவரும் பாதி விலைக்குத்தான் கேட்பார் என்பது வேறு விஷயம்.

இவை எல்லாவற்றையும்விடக் கொடியது வாசல் பேரம். போனில் 6,500 என்று முடிந்திருக்கும். குட்டி யானை வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி, இரண்டு ஆட்கள் ஒரு பக்கம் தூக்கியும் விட்ட பிறகு, “சார், 5,000 வெச்சுக்குங்க. வண்டி வாடகையே அவ்ளோ ஆகுது” என்பார்கள். விற்பவர் வீட்டில் புது ஃபிரிட்ஜ் வரப்போகிறது, இது போயே ஆகவேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டு போடுகிற கணக்கு அது. சந்தையில் விரல் விட்ட பிறகு யாரும் இப்படிச் செய்ய மாட்டார்கள்.

பெட்டிச் செய்தி: பழசு விற்ற கதை

சென்னையில் பழைய பொருள் என்றாலே மூர் மார்க்கெட் என்றிருந்த காலம் உண்டு. 1900-ல் திறந்த அந்தச் சிவப்புக் கட்டடம் 1985-ல் தீக்கிரையானது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையும், வண்டிப் பாகங்களுக்குப் புதுப்பேட்டையும் இன்றும் நிற்கின்றன.

1995-ல் சான் பிரான்சிஸ்கோவில் கிரெய்க் நியூமார்க் நண்பர்களுக்கு அனுப்பத் தொடங்கிய மின்னஞ்சல் பட்டியல்தான் கிரெய்க்ஸ்லிஸ்ட். அதே ஆண்டு பியர் ஓமிடியார் தொடங்கிய ஏலத் தளம் ஈபே ஆனது. அதில் முதலில் விற்றது உடைந்துபோன ஒரு லேசர் சுட்டி, விலை 14.83 டாலர். உடைந்தது என்று தெரியுமா என்று ஓமிடியார் கேட்டதற்கு, உடைந்த சுட்டிகளைச் சேர்ப்பதே தன் பொழுதுபோக்கு என்றாராம் வாங்கியவர்.

ஓ.எல்.எக்ஸ் 2006-ல் பிறந்தது, குவிக்கர் 2008-ல். இலங்கைத் தமிழர்களுக்குப் பழக்கமான இக்மன், சிங்கப்பூரின் கரோசல் இரண்டும் 2012. ஃபேஸ்புக்கின் சந்தை 2016-ல் அமெரிக்காவில் தொடங்கி அடுத்த ஆண்டு இந்தியாவுக்கு வந்தது. ஓ.எல்.எக்ஸின் இந்தியத் தொழிலை 2023-ல் கார்டிரேட் நிறுவனம் வாங்கியது.

சந்தேகத்துக்கு ஒரு விலை

“2000 ஓகேவா” என்ற அந்த இளைஞரைக் கஞ்சன் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் அந்த விலைக்குள் ஒரு பயம் இருக்கிறது. 1970-ல் ஜார்ஜ் அக்கர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் பழைய கார்களை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். காரின் நோய் விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. எது நல்லது, எது ஓட்டை என்று பிரிக்கத் தெரியாத வாங்குபவர், எல்லாக் காருக்கும் ஓட்டைக் காரையும் மனதில் வைத்தே விலை கேட்பார். நல்ல கார் வைத்திருப்பவர் அந்த விலைக்குக் கொடுக்க மாட்டார். சந்தையை விட்டே விலகிவிடுவார். ஓட்டைகள் மட்டும் மிஞ்சும். விலை இன்னும் இறங்கும். இதற்காக அவருக்கு 2001-ல் நோபல் பரிசு கிடைத்தது.

நம் ஆட்கள் நோபல் வாங்காமலே இதைப் புரிந்துவைத்திருக்கிறார்கள். சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 மிக்ஜாம் புயலும் முடிந்த பிறகு பழைய கார் பார்க்கப் போனவர்களைக் கேளுங்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்ப்பார்கள், உள்ளே சேற்றுக் கோடு இருக்கிறதா என்று. ஸ்டெப்னி கிடக்கும் குழியைத் துழாவுவார்கள். இருக்கைக்கு அடியில் துருவைத் தேடுவார்கள். “தண்ணி ஏறின வண்டியா?” என்று நேராகக் கேட்டால், “எங்க தெருவுக்குத் தண்ணியே வரலை சார்” என்ற பதில் எல்லாத் தெருவிலும் கிடைத்ததுதான் காரணம். ஒருவர் மறைத்த சேற்றுக்கு, மறைக்காத இன்னொருவரின் கார் விலை குறைகிறது. விளம்பரத்தில் ஒரு விற்பவர் சொல்லும் சின்னப் பொய்யின் செலவை அடுத்த விற்பவர் கட்டுகிறார்.

அதனால்தான் விற்பவரின் முதல் மரியாதை வணக்கம் அல்ல, பழுதைச் சொல்வது என்கிறேன். கீறலைப் பெரிதாகப் படம் எடுத்துப் போட்ட விளம்பரத்துக்கு வரும் பேச்சின் தொனியே வேறு. ஃபிரிட்ஜ் விளம்பரத்தை மறுபடி போட்டபோது, ‘காய்கறித் தட்டில் விரிசல், கதவு கொஞ்சம் அழுத்தி மூடவேண்டும்’ என்று எழுதி, விரிசலையும் படம் பிடித்துப் போட்டேன். இரண்டாயிரத்துக்குக் கேட்டவர்கள் நின்றுபோனார்கள் என்று சொல்ல முடியாது. குறைந்தார்கள்.

பெட்டிச் செய்தி: சின்ன அகராதி

லைட்டா ஸ்க்ராட்ச் - ஒரு பக்கக் கதவு முழுக்க.
சின்ன வேலை இருக்கு - மெக்கானிக் கைவிட்டது.
டாக்டர் ஓட்டின வண்டி - எந்த டாக்டர் என்று கேட்கக் கூடாது.
அர்ஜென்ட் சேல் - மூன்று மாதமாக அர்ஜென்ட்.
விலை 1 ரூபாய் - போன் பண்ணுங்க, சண்டை போடலாம்.
இன்னும் இருக்கா? - விரல் தவறிப் பட்டுவிட்டது.
வீட்ல கேட்டுச் சொல்றேன் - வீட்டில் கேட்கவும் மாட்டேன், சொல்லவும் மாட்டேன்.

‘கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போவேன்!’

ஏமாந்தவர் முதலில் சொல்வது இது. போகலாம், ஆனால் கதவு திறக்காது. 2020-ல் வந்த மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள், தொழிலாக இல்லாமல் சொந்த அளவில் எப்போதாவது விற்கும் தனிமனிதரை வெளிப்படையாகவே விலக்கி வைத்திருக்கின்றன. 1930-ம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டமும், தொழிலாக விற்காதவர் விஷயத்தில் ஏறக்குறைய, ‘பார்த்து வாங்க வேண்டியது உன் பொறுப்பு’ என்றுதான் சொல்கிறது. பக்கத்துத் தெருக்காரரின் பழைய வாஷிங் மெஷினுக்கு வாரன்டி கிடையாது. அவருடைய நாணயம்தான் வாரன்டி.

ஆனால் சட்டத்தில் ஓர் அழகான மூலை இருக்கிறது. 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 17-வது பிரிவு. மோசடி என்றால் என்ன என்று விளக்க அங்கே ஒரு குதிரையைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். ஒருவர் நோயுள்ள குதிரையை ஏலத்தில் விற்கிறார். நோயைப் பற்றி வாய் திறக்கவில்லை. அது மோசடி ஆகாது. அதே குதிரையை இப்போதுதான் வயது நிரம்பிய தன் மகளுக்கு விற்றால், உறவு காரணமாகச் சொல்லியே ஆகவேண்டும். இன்னொரு காட்சியில் வாங்குபவர், ‘நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நன்றாக இருக்கிறது என்றே எடுத்துக்கொள்வேன்’ என்கிறார். விற்பவர் பேசாமல் நிற்கிறார். அந்த மௌனம் பேச்சுக்குச் சமம்.

நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய குதிரை இன்றைய வாட்ஸ்அப்புக்கு உதவும். பணம் கொடுப்பதற்கு முன், “நீங்க சொன்னதைத் தவிர வேற பழுது எதுவும் இல்லைன்னு எடுத்துக்கறேன், சரிதானே அண்ணா?” என்று எழுதிப் போடுங்கள். கேள்வி மரியாதையானது, பதில், நாளைக்கு ஆதாரம். எனக்கு இதில் பிடித்தது அந்த மகள்தான். உறவு என்று வந்துவிட்டால் மறைக்கக் கூடாது என்கிறது சட்டம். நாமோ முன்பின் தெரியாதவரை முதல் செய்தியிலேயே ‘அண்ணா’ என்கிறோம், ‘ப்ரோ’ என்கிறோம், கோவைப் பக்கம் ‘சொல்லுங்கண்ணா’ என்கிறோம். உறவுமுறையைக் கூப்பிட்டுவிட்டு, ஏலக் குதிரைக்காரரைப் போல வாயை மூடிக்கொள்கிறோம்.

பெண் பெயரில் விற்றால்

இந்தச் சந்தையில் பெண்கள் கதை தனி. வேளச்சேரியில் இருக்கும் ஒரு தோழி, குழந்தை வளர்ந்துவிட்டதால் பிராமையும் உயர நாற்காலியையும் விற்கத் தன் எண்ணைப் போட்டார். முதல் நாள் இரவே பதினொன்றரைக்கு “ஹாய்” வந்தது. பிறகு “தூங்கலையா?”. பிறகு முகப்புப் படத்தைப் பற்றி ஒரு பாராட்டு. பிராமைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஒருமுறைதான் உடுத்திய பட்டுப் பாவாடைத் தாவணியை விற்கப் போட்ட இன்னொரு பெண்ணிடம், உடுத்திய படத்தை அனுப்பச் சொன்ன ஆசாமியும் உண்டு.

விளைவு என்ன? இருவரும் இப்போது கணவர் எண்ணையும் தம்பி எண்ணையும் போடுகிறார்கள். விற்பது அவர்கள், பேசுவது வேறு ஆள். பொருளைப் பற்றித் தெரியாத அந்த ஆண் தப்பும் தவறுமாகப் பதில் சொல்ல, அதிலிருந்து இன்னொரு மனஸ்தாபம். பலர் பொதுச் சந்தையை விட்டே விலகி, அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுவுக்கும் அம்மாக்கள் குழுவுக்கும் போய்விட்டார்கள்.

அந்தக் குழுக்களில் நடப்பது வேறு உலகம். 1,500 ரூபாய் என்று போட்டால் 1,500-க்கே போகிறது. “நல்லா வெச்சிருந்திருக்கீங்க” என்று பாராட்டு வேறு. வாங்கியவர் அடுத்த நாள் லிஃப்டில் எதிரே நிற்பாரே! செயலியில் 2,000 ரூபாய் டிரெட்மில்லை 400-க்குக் கேட்கிற அதே மனிதர், சி பிளாக் மாமியிடம் பேரமே பேசாமல் சைக்கிள் வாங்குகிறார். ஆக, நாம் மரியாதை தெரியாதவர்கள் இல்லை. முகம் பார்க்க வேண்டியிருந்தால் எல்லாம் தெரிகிறது. சில சமயம் அளவுக்கு மேலேயே தெரிகிறது: மாமி கொடுத்த சைக்கிளுக்குப் பிரேக் இல்லை என்பதை அவரிடம் சொல்ல முடியாமல் மூன்று மாதமாகத் தள்ளிக்கொண்டு போகிறவரையும் எனக்குத் தெரியும்.

முகத்துக்குப் பதிலாக நட்சத்திரம் கொடுத்துப் பார்த்தார்கள். ஈபே 1996-லேயே வாங்குபவரும் விற்பவரும் ஒருவருக்கொருவர் மதிப்பெண் போடும் வழியைக் கொண்டுவந்தது. நீ எனக்குக் குறைத்துப் போட்டால் நான் உனக்குக் குறைத்துப் போடுவேன் என்று அது பழிவாங்கலாகிவிட, 2008-ல் வாங்குபவருக்கு விற்பவர் கெட்ட மதிப்பெண் போடுவதையே நிறுத்தினார்கள். வாங்குபவருக்கு மட்டும் நாக்கு இருக்கும் சந்தை ஆனது அது.

மரியாதையே சந்தேகமானால்?

கொஞ்சம் வருத்தமான பகுதிக்கு வருகிறேன். இந்தச் சந்தையில் மிக மரியாதையாகப் பேசுகிறவர் யார் தெரியுமா? மோசடிக்காரர். “வணக்கம் சார், நான் ஆர்மியில இருக்கேன், டிரான்ஸ்ஃபர் ஆகி உங்க ஊருக்கு வரேன்” என்று தொடங்குவார். அடையாள அட்டைப் படம் அனுப்புவார். விலையைக் குறைக்கவே மாட்டார். “பணம் இப்பவே அனுப்பறேன், இந்தக் கியூ.ஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்க” என்பார். ஸ்கேன் செய்து பின் எண்ணைப் போட்டதும் பணம் இங்கிருந்து அங்கே போகும். ராணுவத்தின் பெயரைச் சொல்லி நடக்கும் இந்த ஏமாற்று நாடு முழுக்க போலீஸ் எச்சரித்த பழைய வித்தை. இன்னும் ஆள் விழுகிறது.

இதன் காயம் பணத்தோடு முடியவில்லை. உண்மையாகவே மாற்றலாகி வரும் ஒரு சிப்பாய் இன்று பழைய பைக் கேட்டால் யாரும் பதில் போடுவதில்லை. பேரம் பேசாமல் சரி என்கிறவரைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. ‘நன்றி, மகிழ்ச்சி’ என்று முழுத் தமிழில் எழுதினால் இன்னும் பயமாக இருக்கிறது. என் ஃபிரிட்ஜுக்கு நான் கேட்ட விலையை ஒருவர் அப்படியே ஒத்துக்கொண்டபோது, நான் முதலில் செய்த காரியம் அவர் எண்ணை ‘திருடன்?’ என்று சேமித்தது. அவர் குரோம்பேட்டையில் பள்ளி ஆசிரியர் என்பது பிறகு தெரிந்தது. அதற்குள் எனக்குப் பயந்து அவர் வேறு ஃபிரிட்ஜ் வாங்கிவிட்டார்.

பெட்டிச் செய்தி: பணம் வாங்கப் பின் எண் எதற்கு?

யு.பி.ஐ-யில் பணம் அனுப்பத்தான் பின் எண் வேண்டும், பெறத் தேவையில்லை. விற்பவரைக் கியூ.ஆர் கோடை ஸ்கேன் செய்யச் சொன்னாலே பேச்சை முடித்துக்கொள்ளலாம். தனிநபர்கள் ஒருவரிடம் ஒருவர் பணம் கோரும் வசதியை நேஷனல் பேமெண்ட்ஸ் கார்ப்பரேஷன் 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

பழைய கைபேசி வாங்கினால் *#06# அழுத்தி ஐ.எம்.இ.ஐ எண்ணைப் பாருங்கள். KYM என்று ஆங்கிலப் பெரிய எழுத்தில் டைப் செய்து, இடம்விட்டு அந்த எண்ணைப் போட்டு 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் அது முடக்கப்பட்ட போனா என்று தெரியும். திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்குவது பாரதிய நியாய சம்ஹிதையின் 317-வது பிரிவில் குற்றம்.

‘பேர் மாத்திக்கறேன் சார்’

எல்லா ‘வரேன்’களிலும் ஆபத்தானது இதுதான். பைக்கை எடுத்துக்கொண்டு போகிறவர் சொல்லும் கடைசி வாக்கியம். அதற்குப் பிறகு அந்தப் பைக் மூன்று கை மாறும். ஆர்.சி புத்தகத்தில் மட்டும் உங்கள் பெயர் உட்கார்ந்திருக்கும். சிக்னல் தாண்டினால் அபராதச் சீட்டு உங்கள் போனுக்கு வரும். அதுகூடப் பரவாயில்லை. இப்படிப் பல கை மாறிய ஒரு கார் விபத்து ஏற்படுத்திய வழக்கில், நவீன் குமார் எதிர் விஜய் குமார், உச்ச நீதிமன்றம் 2018-ல் சொன்னது: விபத்து நடந்த நாளில் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு. வண்டியை விற்றுப் பல மாதம் ஆயிற்று என்பது அங்கே எடுபடாது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-வது பிரிவுப்படி, விற்றவர் அதே மாநிலத்துக்குள் என்றால் 14 நாளில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளில். படிவம் 29, படிவம் 30. வாங்குபவரிடம் “கூடவே போய் மாத்திடலாமா?” என்று கேட்கச் சங்கடப்படுகிறோம், நம்பவில்லை என்று நினைத்துக்கொள்வாரோ என்று. அந்தச் சங்கடம் பண்பில்லை, சோம்பேறித்தனம். கூடப் போய் நிற்பதுதான் பண்பு.

தையல் மெஷின்

அம்மா இறந்து ஒரு வருடம் கழித்து அவருடைய காலால் மிதிக்கும் தையல் மெஷினை விற்கப் போட்டேன். வந்தவர்களில் ஒருவர் அதைச் சுற்றி வந்து, “என்ன சார், துருப்பிடிச்ச இரும்பு. காயலான் கடையில கிலோவுக்குத்தான் எடுப்பான்” என்றார். பழுது சொல்லி விலையைக் குறைப்பது கடையில் சகஜம். கடைக்காரருக்கு அந்தப் பொருளோடு உறவில்லை. எவ்வளவு திட்டினாலும் உறைக்காது. வீட்டில் அப்படி இல்லை. எங்கள் மூவரின் பள்ளிக் கட்டணம் ஓடிய மெஷின் அது. அவர் சொன்ன விலை மோசமில்லை. இருந்தும் கொடுக்கவில்லை.

பிறகு பூந்தமல்லியிலிருந்து ஒரு பெண் வந்தார். தரையில் உட்கார்ந்து, பெல்ட்டைக் கழற்றி மாட்டி, எண்ணெய் கேட்டு வாங்கி விட்டு, ஒரு துணியைத் தைத்துப் பார்த்தார். பிறகு பேரம். முக்கால் மணி நேரம், கறாராக. 3,000 என்றதை 2,200-ல் கொண்டுவந்து நிறுத்தினார். அவ்வளவு நேரத்தில் மெஷினைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை. “நம்ம பட்ஜெட் அவ்ளோதாண்ணா” என்பதையே விதவிதமாகச் சொன்னார். வெள்ளிக்கிழமை என்பதால் நான் தயங்குவதைப் பார்த்து, “நாளைக்குக் காலைல ராகு காலத்துக்கு முன்னாடி வரேன். முன்பணம் 200 வெச்சுக்குங்க” என்றார். சனிக்கிழமை எட்டரைக்கு வாசலில் நின்றார். தூக்குவதற்கு முன் மெஷினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். என்னிடம் 800 ரூபாய் குறைத்தவர் மேல் எனக்கு இன்றுவரை ஒரு வருத்தமும் இல்லை.

ஃபிரிட்ஜ் கதையையும் முடித்துவிடுகிறேன். அடுத்த வாரம் 5,800 ரூபாய்க்கு மேற்கு மாம்பலத்தில் ஒரு மெஸ்காரர் எடுத்துக்கொண்டு போனார். வரும் வழியில் நெரிசல் என்று பத்து நிமிடம் தாமதமானதற்கு இரண்டு முறை போன் செய்தார்.

மூன்று வாரம் கழித்து, ஞாயிறு மதியம், அந்தத் தம்பியிடமிருந்து செய்தி: “சார், ஃபிரிட்ஜ் இருக்கா?”

“வித்துப்போச்சு தம்பி” என்று போட்டேன்.

“ஓகே சார். வேற ஏதாச்சும் இருந்தா சொல்லுங்க, வரேன்.”